மீனுக்கு முன்னால் குடியேற வேண்டியவை: புதிய பவளத் தொட்டியில் நல்ல பாக்டீரியாக்களை நிலைநிறுத்தும் முறை

முதல் முறையாகக் கடல்நீர்த் தொட்டி வைப்பவருக்குச் சோதனை பெரும்பாலும் நான்காவது நாளில்தான் வருகிறது. உப்பு கரைந்து, மணல் தூசி அடங்கி, பாறைகளுக்கு இடையே பம்பு நீரைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போது, பளிங்குபோல் தெளிந்து நிற்கும் அந்த நீரைப் பார்த்தவுடன் சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்கு வண்டியைக் கிளப்பத் தோன்றும். நானும் அப்படித்தான் கிளம்பினேன். ஒன்பதாம் நாளில் இரண்டு கோமாளி மீன்களைக் கொண்டுவந்து விட்டேன். பதின்மூன்றாம் நாளில் இரண்டும் நீர்மட்டத்துக்கு அருகே நின்று வேகவேகமாகச் செவுளை அசைத்தன. மறுநாள் காலையில் இரண்டும் இல்லை. நீர் அப்போதும் தெளிவாகவே இருந்தது. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது என்பதும், நீரின் தெளிவுக்கும் அது உயிர் தாங்கும் நிலைக்கும் தொடர்பில்லை என்பதும் அதன்பிறகுதான் எனக்கு உறைத்தது.

நடப்பது இதுதான். மீன் தன் உடலின் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட இரையும் எச்சமும் அழுகும்போது மேலும் அம்மோனியா உண்டாகிறது. கடலில் இது கணக்கில்லாத நீரில் கரைந்து போய்விடும். 200 லிட்டர் தொட்டியில் போக இடமில்லை. ஒரு வகை நுண்ணுயிரிகள் இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை இரண்டு தனித்தனிக் கூட்டங்கள் என்பதைச் செர்கெய் வினோகிராட்ஸ்கி 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரித்துக் காட்டினார். நன்னீர்த் தொட்டி வைத்துப் பழகியவர்கள் கடல்நீரில் ஏமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. அம்மோனியாவின் நச்சுத்தன்மை நீரின் பிஹெச் அளவைப் பொறுத்தது. பிஹெச் 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் அரை சதவீதம் அளவே நச்சு வடிவில் இருக்கும்; பவளத் தொட்டிக்குரிய 8.2 அளவில் அந்தப் பங்கு பத்து மடங்குக்கும் மேல் உயர்ந்துவிடுகிறது. ஆகவே நன்னீரில் மீன் தாங்கிக்கொண்ட அதே அளவு இங்கே கொன்றுவிடும்.

‘பாக்டீரியா’ என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், இந்த வேலையைச் செய்பவற்றில் ஆர்க்கியா என்னும் வேறொரு பெரும்பிரிவைச் சேர்ந்த நுண்ணுயிரிகளும் உண்டு. அம்மோனியாவை ஆக்சிஜனேற்றம் செய்யும் முதல் ஆர்க்கியாவைத் தனியே பிரித்து வளர்த்த செய்தி 2005-இல் வெளியானது; அந்த உயிர் கிடைத்த இடம் ஆழ்கடல் அல்ல, அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் இருந்த ஒரு வெப்பமண்டலத் தொட்டியின் சரளைக்கல். நம்மைப் போன்றவர்கள் தினமும் சுரண்டித் துடைக்கும் வழவழப்பில்தான் அது ஒளிந்திருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. இந்த உயிர்கள் நீரில் மிதந்து திரிவதைவிடப் பாறை, மணல், கண்ணாடி, குழாயின் உட்புறம் என்று எதிலாவது ஒட்டிப் படலமாக வாழ்வதையே விரும்புகின்றன. பின்னால் நீரை மாற்றும்போது பாக்டீரியாவும் போய்விடுமோ என்று அஞ்ச வேண்டாம் என்பதற்கு இதுவே காரணம்.

நீர்

தொடக்கம் உப்பில் அல்ல, உப்பைக் கரைக்கும் நீரில் இருக்கிறது. குழாய் நீரில் குளோரின் இருக்கும். அது பாக்டீரியாவைக் கொல்லவே போடப்படுவது. ஆழ்துளைக் கிணற்று நீரில் சிலிக்கேட்டும் நைட்ரேட்டும் இருக்கக்கூடும். எனவே ஆர்ஓ நீர் வேண்டும். ஆனால் வீட்டில் குடிப்பதற்கு வைத்திருக்கும் ஆர்ஓ இயந்திரங்கள் பலவற்றில் சுவைக்காகக் கொஞ்சம் மூலநீரைத் திரும்பக் கலக்கும் அமைப்போ, கனிமம் சேர்க்கும் குப்பியோ இருக்கும். கேன் நீரும் அப்படியே. நீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கி அளந்து பாருங்கள். கலப்பு அமைப்பை மூடிவிட்டு, ஆர்ஓவுக்குப் பின்னால் எஞ்சிய உப்புகளையும் நீக்கும் டிஐ ரெசின் குப்பி ஒன்றைச் சேர்த்தால் அளவு பூச்சியத்துக்கு வரும். அதுதான் இலக்கு.

பவளத் தொட்டிக்கென்று விற்கும் செயற்கைக் கடலுப்பை லிட்டருக்கு ஏறத்தாழ 36 முதல் 40 கிராம் வரை, பொட்டலத்தில் சொல்லியுள்ளபடி கலந்து, உப்புத்தன்மையை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) அளவில் நிறுத்துங்கள். சமையல் உப்போ உப்பளத்துக் கல்லுப்போ இதற்கு ஆகாது. அவற்றில் கால்சியம், மக்னீசியம், காரத்தன்மை ஆகியவை வேண்டிய விகிதத்தில் இல்லை. கடற்கரையிலிருந்து நீர் எடுத்து வருவதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கூவமும் அடையாறும் கலக்கும் ஊரில் கரையோர நீரை நான் நம்புவதில்லை. வெப்பநிலை 26 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கட்டும். 28 வரை பாக்டீரியாவுக்குத் தொல்லையில்லை. ஆனால் நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது, ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க இவற்றுக்கு 4.5 கிராமுக்கும் சற்று அதிகமான ஆக்சிஜன் வேண்டும். எனவே கோடையில் மின்விசிறியோ சில்லரோ தேவைப்படும். மின்விசிறி வைத்தால் நீர் வேகமாக ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பதால், குறைந்ததை ஈடுசெய்ய உப்பில்லாத ஆர்ஓ நீரைத்தான் ஊற்ற வேண்டும்.

பாறையும் மணலும்

வெளிநாட்டுக் கையேடுகள் பலவும் கடலிலிருந்து எடுத்த ‘உயிர்ப்பாறை’யில் தொடங்கச் சொல்கின்றன. அதன் துளைகளில் ஆயத்தமாகவே பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியிருப்பதால் வேலை எளிது என்பது உண்மை. இந்தியாவில் அந்த வழியை மறந்துவிடுங்கள். கடினப் பவளங்கள், கடல்விசிறிகள் முதலியவை 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடற்கரையில் ஒதுங்கிய பவளத் துண்டாயினும், ‘ராமேஸ்வரம் கல்’ என்று யாராவது மலிவாக நீட்டுவதாயினும் வாங்கக் கூடாது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. அவற்றில் இரண்டு, பவளக்கல்லை வெட்டி எடுத்ததன் விளைவாக நீருக்குள் மூழ்கிப்போயின. தொட்டிக்காக அந்தக் கணக்கில் நாமும் ஒரு கல்லைச் சேர்க்க வேண்டியதில்லை.

நமக்கு ஏற்றது, சட்டப்படி இறக்குமதியான உலர்பாறை அல்லது செயற்கையாக வார்த்த துளையுள்ள பாறை. எடையைவிடத் துளைகளைப் பார்த்து வாங்குங்கள். ஒரு சொட்டு நீரை விட்டால் உடனே உறிஞ்சிக்கொள்ளும் பாறை நல்லது. அத்தகைய பாறையின் மேற்பரப்பில் ஆக்சிஜனை விரும்பும் பாக்டீரியாக்கள் குடியேறும்; ஆக்சிஜன் எட்டாத உட்துளைகளில், நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும் வேறொரு கூட்டம் பல மாதங்களில் மெல்ல உருவாகும். பாறையை ஆர்ஓ நீரில் சில நாள் ஊறவைத்து, அந்த நீரில் பாஸ்பேட் அளவைப் பாருங்கள். மிக அதிகமாக இருந்தால் நீரை மாற்றி மாற்றி ஊறவையுங்கள். மணலுக்கு அரகோனைட் என்னும் சுண்ணாம்பு வகையே சிறந்தது, 3 முதல் 5 சென்டிமீட்டர் போதும். ஆற்று மணலும் கட்டட மணலும் வேண்டாம்.

உறை ஊற்றுவது

பாலைத் தயிராக்க உறைமோர் வேண்டியதுபோல், தொட்டிக்கும் ஒரு தொடக்கம் வேண்டும். ஒன்றும் செய்யாமல் விட்டாலும் காற்றிலிருந்தும் தூசியிலிருந்தும் இந்த உயிர்கள் எப்படியோ வந்து சேரும். ஆனால் அதற்கு ஆறு வாரங்களுக்கு மேலும் ஆகலாம். இருபது நிமிடத்தில் இரட்டிக்கும் சாதாரணப் பாக்டீரியாக்களைப் போல் இல்லாமல், இவை ஒருமுறை இரட்டிப்பதற்கே அரை நாள், ஒரு நாள் என்று எடுத்துக்கொள்பவை.

என் கருத்தில் ஆகச் சிறந்த உறை, ஓராண்டுக்கு மேல் நலமாக ஓடிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவரின் தொட்டியிலிருந்து எடுத்த ஒரு கைப்பிடி மணலும், சம்பில் (தொட்டியோடு இணைந்த வடிகட்டித் துணைத் தொட்டியில்) கிடந்த இரண்டு மூன்று பீங்கான் வளையங்களும்தான். அவற்றை ஈரத்தோடு, தொட்டி நீரிலேயே, அன்றைக்கே கொண்டுவந்துவிட வேண்டும். அந்தத் தொட்டியில் அய்ப்டேசியா எனும் கொட்டும் சிறு கடல் அனிமோன் இருக்கிறதா, மணலின் மேல் பழுப்புக் கோழைபோல் ஏதாவது படர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்புவதே மேல்.

அப்படி ஒரு நண்பர் இல்லாதவர்களுக்குப் புட்டிப் பாக்டீரியா. இதில் இரண்டு வகை கடையில் அருகருகே நிற்கும், புதியவர் குழம்புவது இங்கேதான். ஒன்று, அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் உண்ணும் உண்மையான நைட்ரஜன் பாக்டீரியா. இவை வித்துறை (ஸ்போர் எனும் கடின உறை) உருவாக்கி உறங்கும் தன்மை இல்லாதவை, ஆகவே காலாவதித் தேதி உண்டு, வெப்பத்தில் மடியும். மற்றொன்று, பேசிலஸ் போன்ற வித்துறை உருவாக்கும் வகை; அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் கெடாது, அழுகும் கழிவைச் சிதைக்கவும் உதவும், ஆனால் அம்மோனியா பிரச்சினையை அது தீர்க்காது. முதல் வகையை வாங்குங்கள், நன்னீருக்கானதையல்ல, கடல்நீருக்கானதை. மே மாதத்தில் மூன்று நாள் கூரியர் வண்டியில் வெந்து வந்த புட்டியை நான் உயிருள்ளதாகக் கருதுவதில்லை, குளிர்பெட்டியில் வைத்து விற்கும் கடையில் நேரில் போய் வாங்குவேன். புட்டியை ஊற்றிய பிறகு நுண்ணுயிர்களைக் கொல்லும் யுவி விளக்கையும், கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரையும் ஐந்தாறு நாள் நிறுத்திவையுங்கள். தொட்டி விளக்கும் வேண்டாம். வெளிச்சத்தால் பாக்டீரியாவுக்கு நன்மை ஒன்றுமில்லை, பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

தீனி போடுவதும் அளப்பதும்

வந்த பாக்டீரியாவுக்கு உணவு வேண்டும். மீனையே உணவுக் கருவியாக்கி, தாங்கும் சக்தியுள்ள டாம்செல் மீன் ஒன்றை விட்டு ‘சைக்கிள்’ செய்யும், அதாவது பாக்டீரியாவை நிலைநிறுத்தும், பழைய வழக்கம் இன்னும் சில கடைகளில் பரிந்துரைக்கப்படுகிறது. அது அந்த மீனுக்குக் கொடுமை. பிழைத்துக்கொண்டால் பின்னால் வரும் மீன்களையெல்லாம் துரத்தி அது நமக்கும் கொடுமையாகும். பச்சை இறாலைப் போட்டு அழுகவிடும் முறை வேலை செய்யும், ஆனால் எவ்வளவு அம்மோனியா வருகிறது என்பது நம் கையில் இருக்காது, வீடும் நாறும்.

அளந்து போடக்கூடியது அம்மோனியம் குளோரைடு. நாட்டு மருந்துக் கடையிலும் ஈயம் பூசுபவரிடமும் நவச்சாரம் என்ற பெயரில் கிடைப்பது இதே பொருள்தான் என்றாலும், அதில் வேறு உலோகங்கள் கலந்திருக்கலாம் என்பதால் ஆய்வகத் தரத்தில் உள்ளதையே வாங்குங்கள். 10 கிராமை ஒரு லிட்டர் ஆர்ஓ நீரில் கரைத்து வைத்துக்கொண்டால், அந்தக் கரைசலின் ஒவ்வொரு மில்லியிலும் ஏறத்தாழ 3.2 மில்லிகிராம் அம்மோனியா இருக்கும். பாறையும் மணலும் அடைத்த இடம் போக உங்கள் தொட்டியில் உண்மையில் 150 லிட்டர் நீர் இருக்கிறது என்று கொண்டால், 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவுக்கு 300 மில்லிகிராம் வேண்டும். அதாவது ஏறத்தாழ 94 மில்லி கரைசல். தொட்டியின் வெளி அளவை வைத்துக் கணக்கிடாதீர்கள். 2 பிபிஎம் போதும். 5-க்கு மேல் போனால் தீனியே நஞ்சாகி, வளர வேண்டிய கூட்டம் முடங்கும். கூடவே ஒரு சிட்டிகை மீன் தீனியையும் போடுங்கள். வெறும் உப்புநீரிலும் உலர்பாறையிலும் பாஸ்பேட் மிகக் குறைவாக இருந்தால் பாக்டீரியா பெருக முடியாமல் நின்றுவிடும். அந்தச் சிட்டிகை அதைச் சரிசெய்யும்.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்து எழுதுங்கள். சோதனைக் குப்பியின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் முன் வைத்துப் பாருங்கள். கடல்நீருக்கும் நன்னீருக்கும் நிற அட்டை வேறாக இருக்கலாம், கவனியுங்கள். முதல் சில நாட்களில் ஒன்றும் நடவாததுபோல் இருக்கும். பிறகு அம்மோனியா இறங்க, நைட்ரைட் ஏறும். அம்மோனியா 0.5-க்குக் கீழே வந்ததும் மறுபடியும் 2 பிபிஎம் அளவுக்குப் போடுங்கள். நைட்ரைட் 5-ஐத் தாண்டிவிட்டால் அது இறங்கும்வரை போடாதீர்கள். நைட்ரைட்டை உண்ணும் கூட்டம் மெதுவாகவே பெருகுவதால், அந்த அளவு இரண்டு வாரம்கூட உச்சியிலேயே நிற்பதும், பிறகு இரண்டே நாளில் காணாமல் போவதும் வழக்கம். நைட்ரைட் இருக்கும் நாட்களில் நைட்ரேட்டை அளந்து மனம் கலங்க வேண்டாம். பெரும்பாலான நைட்ரேட் சோதனைகள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் நிறம் காட்டுகின்றன, ஆகவே ஏற்கெனவே இருக்கும் நைட்ரைட் எண்ணைப் பொய்யாக ஏற்றிவிடும்.

நின்றுபோனால்

மூன்றாம் வாரத்தில் எண்கள் அசையாமல் நின்றால், இன்னொரு புட்டி வாங்குவதற்கு முன் காரத்தன்மையைப் பாருங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் வேலை நீரின் காரத்தன்மையைத் தின்கிறது. ஒவ்வொரு 2 பிபிஎம் அம்மோனியாவுக்கும் ஏறத்தாழ 0.65 டிகேஹெச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) குறையும். 8-இல் தொடங்கிய தொட்டி ஐந்து முறை தீனி போட்ட பிறகு 5-க்கும் கீழே வந்துவிடும். பிஹெச் சரிந்து பாக்டீரியா மந்தமாகும். 100 லிட்டர் நீருக்கு 3 கிராம் சமையல் சோடா போட்டால் 1 டிகேஹெச் உயரும். பேக்கிங் பவுடர் வேறு, சோடா வேறு, மாற்றிப் போட்டுவிடாதீர்கள். ஆர்ஓ நீரில் கரைத்து, ஒரு நாளைக்கு 1 டிகேஹெச்சுக்கு மேல் உயராதபடி மெதுவாக ஊற்றுங்கள். காரத்தன்மை சரியாக இருந்தும் அசையவில்லை என்றால் நீரோட்டம் போதுமா, நீரின் மேற்பரப்பு கலங்கி ஆக்சிஜன் சேர்கிறதா, வெப்பம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

முடிந்தது என்று எப்படி அறிவது

நாள் கணக்கை வைத்து அறிய முடியாது. புட்டியோடு தொடங்கிய தொட்டி பத்து நாளிலும் முடியும், ஐந்து வாரமும் இழுக்கும். ஒரே ஒரு சோதனைதான். 2 பிபிஎம் அம்மோனியா போட்ட 24 மணி நேரத்துக்குப் பிறகு அம்மோனியா, நைட்ரைட் இரண்டுமே பூச்சியம் காட்ட வேண்டும். ஒருமுறை காட்டினால் போதாது, அடுத்த இரண்டு நாட்களும் அதையே செய்து பாருங்கள். இரண்டு சின்ன மீன்கள் ஒரு நாளில் வெளியிடும் அம்மோனியா இந்த 2 பிபிஎம் அளவில் ஒரு சிறு பங்குதான் என்பதால், இந்தத் தேர்வில் தேறிய தொட்டிக்கு முதல் மீன்கள் சுமையாகவே தெரியாது.

இதற்குள் நைட்ரேட் 30, 40 பிபிஎம் வரை ஏறியிருக்கும். ஒரு பிபிஎம் அம்மோனியா ஏறத்தாழ மூன்றரை பிபிஎம் நைட்ரேட்டாகிறது. பாதிக்கு மேல் நீரை மாற்றி அதைப் பத்தை ஒட்டிக் கொண்டுவாருங்கள். பூச்சியமாக்க முயலாதீர்கள், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். நீர் மாற்றியது முதல் மீன் வரும்வரை பாக்டீரியாவைப் பட்டினி போடாமல், இரண்டு நாளைக்கு ஒருமுறை அரை பிபிஎம் அளவுக்குத் தீனி போட்டுக்கொண்டிருங்கள்.

முதல் மீனாக, பண்ணையில் பிறந்த கோமாளி மீன் இணை ஒன்றே நல்ல தேர்வு. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இவற்றைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறைகளை உருவாக்கியிருப்பதால், கடலிலிருந்து பிடிக்காத மீன்கள் இங்கே கிடைக்கின்றன. அவை நாம் போடும் தீனிக்கும் பழகியவை. அடுத்த மீனுக்கு மூன்று நான்கு வாரம் இடைவெளி விடுங்கள். பாக்டீரியாக் கூட்டம் கிடைக்கும் உணவுக்கு ஏற்பவே இருக்கும். ஒரே நாளில் ஐந்து மீன்களை விட்டால் அது எட்டிப்பிடிப்பதற்குள் அம்மோனியா ஏறிவிடும்.

அதற்குப் பிறகு வரும் அழுக்குக் காலம்

அம்மோனியா சைக்கிள் முடிந்ததும் பாக்டீரியா வேலையும் முடிந்தது என்று நினைப்பது இந்தப் பொழுதுபோக்கில் பரவலான தவறு. நாம் இதுவரை வளர்த்தது சுத்திகரிப்புத் தொழிலாளர்களை மட்டுமே. உலர்பாறையின் பரப்பில் பெரும்பகுதி இன்னும் யாரும் குடியேறாத காலிமனை. அதில் யார் முதலில் இடம் பிடிப்பது என்ற போட்டி அடுத்த ஆறு மாதம் கண்ணெதிரே நடக்கும். விளக்கு போட்ட சில வாரங்களில் சிலிக்கேட்டைக் கொண்டு வளரும் டயாட்டம் எனும் நுண்பாசிகள் பழுப்புத் தூள்போல் படரும். சிலிக்கேட் தீர்ந்ததும் தாமாகவே போய்விடும். பிறகு பச்சை இழைப்பாசி, இதற்கு நத்தைகள். சிவப்பு ஜமுக்காளம்போல் படர்வது சயனோபாக்டீரியா. உறிஞ்சி எடுத்துவிட்டு நீரோட்டத்தைக் கூட்டுங்கள்.

உண்மையில் அஞ்ச வேண்டியது டைனோஃபிளாஜெல்லேட்டுகள் எனும் ஒற்றைச்செல் உயிர்களுக்குத்தான். காற்றுக்குமிழிகள் ஒட்டிய பழுப்புச் சளி இழைகளாக இவை தொங்கும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இரண்டுமே பூச்சியத்துக்கு இறங்கிய, ‘மிகச் சுத்தமான’ புதுத் தொட்டிகளில்தான் இவை பெரும்பாலும் தலைதூக்குகின்றன. போட்டியிட வேண்டிய மற்ற நுண்ணுயிரிகள் பட்டினியில் பின்வாங்க, இவை இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நைட்ரேட்டைப் பூச்சியமாக்க வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுவே. நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் என்ற அளவில் வைத்திருங்கள். பாசியைக் கண்டு பதறிப் பாஸ்பேட் நீக்கியை அள்ளிப் போட்டவர்களின் தொட்டிகளில்தான் நான் டைனோவை அதிகம் பார்த்திருக்கிறேன். வசதி இருந்தால் மூன்றாம் மாதத்தில் வேறொரு முதிர்ந்த தொட்டியிலிருந்து இன்னொரு கைப்பிடி மணலைச் சேருங்கள்; கோப்பிபாடு எனும் மிகச் சிறிய ஓட்டுடலிகளும் புழுக்களும் பல வகைப் பாக்டீரியாக்களும் அதில் வரும்.

காளான் பவளம், ஸோவாந்தஸ் போன்ற மென்பவளங்களை, பாறையில் ஊதா நிறச் சுண்ணப்பாசிப் புள்ளிகள் தெரியத் தொடங்கிய பிறகு வைக்கலாம். பொதுவாக இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். வாங்கும்போது இறக்குமதி ஆவணங்களைக் கேட்டுப் பாருங்கள். கேட்டால் முகம் சுளிக்கும் கடையில் வாங்காதீர்கள்.

இரண்டு முன்னேற்பாடுகளைத் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும். ஒன்று, பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. நீரோட்டம் நின்றால் மீனுக்கு முன்பே, மூடிய கேனிஸ்டர் வடிகட்டிக்குள் இருக்கும் பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாமல் மடியத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அந்த வடிகட்டியை அப்படியே ஓடவிடாமல், உள்ளே தேங்கிய நாற்ற நீரைக் கொட்டிவிட்டு, தொட்டி நீரில் அலசிய பிறகே இணையுங்கள். மற்றொன்று, சம்பின் ஒரு மூலையில் சாதாரண ஸ்பாஞ்சு வடிகட்டி ஒன்றை முதல் நாளிலிருந்தே போட்டுவையுங்கள். செம்பு கலந்த மருந்துகளைப் பவளத் தொட்டியில் ஒருபோதும் ஊற்றக் கூடாது; மீனுக்கு நோய் வரும் நாளில் அந்த ஸ்பாஞ்சை எடுத்து ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் மாட்டினால், பாக்டீரியா குடியேறிய தனிமைத் தொட்டி பத்து நிமிடத்தில் தயாராகிவிடும். மருந்தில் கிடந்த ஸ்பாஞ்சைத் திரும்ப சம்புக்குக் கொண்டுவராதீர்கள். அதன் இடத்தில் அன்றைக்கே புதியது ஒன்றைப் போட்டுவிடுங்கள்.